வாசகர் கேள்வி – பதில்: அகில்லீஸ் போட்ட நாலும் ஆட்டுக்கால் எலும்பும்

போன இதழில் ஒரு பழைய கிரேக்கச் சாடியின் படத்தைப் போட்டு, ‘போருக்கு நடுவில் பகடை ஆடும் இரண்டு வீரர்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை அடைத்துக்கொண்டன. வழக்கமான பென்ஷன், பாஸ்போர்ட் கேள்விகள் அடுத்த மாதம் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: அந்தச் சாடியில் இருப்பவர்கள் யார்? என்ன ஆட்டம் அது? என் மகன் துன்னி என்கிறான், நான் தாயம் என்கிறேன்.

துன்னிக்குச் சீட்டு வேண்டுமே அக்கா. சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்கே 14-ஆம் நூற்றாண்டில்தான் போய்ச் சேர்ந்தது, அதனால் உங்கள் மகன் அவுட். நீங்கள் சொன்னது கிட்டத்தட்டச் சரி.

சாடி இப்போது வத்திக்கானில் இருக்கிறது. செய்தவர் எக்செக்கியாஸ் என்ற ஏதென்ஸ் குயவர், தன் பெயரையும் அதில் எழுதியிருக்கிறார். காலம் சுமார் கி.மு. 540 – 530. இருவரும் ட்ராய் போரில் சண்டையிட்ட கிரேக்க வீரர்கள். இடது பக்கம் தலைக்கவசத்தோடு இருப்பவன் அகில்லீஸ், எதிரே கவசத்தைக் கழற்றிக் கேடயத்தின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் அஜாக்ஸ். இரண்டு பேரும் நடுவில் இருக்கும் பெட்டி மேல் குனிந்திருக்கிறார்கள், ஆனால் ஈட்டியைக் கீழே வைக்கவில்லை, தோளில் சாய்த்துப் பிடித்தபடியேதான் ஆட்டம். வாயருகே எழுத்து இருக்கிறது, நம் சித்திரக்கதைகளில் வருமே, அப்படி. அகில்லீஸ் ‘நாலு’ என்கிறான், அஜாக்ஸ் ‘மூணு’ என்கிறான். யார் ஜெயிக்கிறார்கள் என்று இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால் இப்படி ஒரு காட்சி ஹோமரின் காவியத்தில் எங்குமே கிடையாது. ஆனாலும் ஏதென்ஸ்காரர்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், இதே காட்சியை வரைந்த சாடிகள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

ஆட்டத்தின் பெயர் படத்தில் எழுதியில்லை. ‘ஐந்து கோடு’ என்று கிரேக்கர் சொன்ன ஆட்டமாக இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆளுக்கு ஐந்து காய், ஐந்து கோடு, பகடை விழுந்த எண்ணுக்குத் தக்கபடி நகர்த்தவேண்டும். நடுக்கோட்டுக்குப் ‘புனிதக் கோடு’ என்று பெயர். வேறு வழியே இல்லாமல் கடைசி முயற்சியாக எதையாவது செய்கிறவனைப் பார்த்து ‘புனிதக் கோட்டில் இருந்த காயையே எடுத்துவிட்டான்’ என்று சொல்வது அவர்கள் வழக்கம். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் வாரி என்ற ஊரின் கல்லறையில் கோடு போட்ட ஒரு சுட்டமண் ஆட்டப் பலகை கிடைத்திருக்கிறது, அதன் மூலைகளில் தலையில் கைவைத்து ஒப்பாரி வைக்கும் பெண் பொம்மைகள். செத்தவரோடு ஆட்டப் பலகையையும் அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

டோங்காட் வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: பகடையைக் கண்டுபிடித்ததே கிரேக்கர்தான் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் சகுனி?

கிரேக்கரே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, சார். வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை இது: லிடியா நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. பசியை மறக்க ஜனங்கள் பகடை, கணுவெலும்பு, பந்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் விளையாடுவது, மறுநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவது என்று 18 வருஷம் ஓட்டினார்களாம். பஞ்சம் தீரவில்லை. கடைசியில் ராஜா ஜனங்களை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டார், ஒரு பாதி ஊரிலேயே இருந்தது, மறு பாதி கப்பலேறி இத்தாலிப் பக்கம் போய்விட்டது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தக் கதையின் பின்பாதி வேறு மாதிரி கேட்கும்.

இன்னொரு கட்சி, ட்ராய் போரில் இருந்த பலமீடிஸ் என்ற புத்திசாலிதான் கண்டுபிடித்தான் என்றது. பிளேட்டோ அதை எகிப்து தெய்வமான தோத்தின் கணக்கில் எழுதினார். மூன்றுமே நல்ல கதைகள், மூன்றையும் நம்பவேண்டாம். மொகஞ்சதாரோவிலேயே புள்ளி குத்திய கனசதுரப் பகடை கிடைத்திருக்கிறது, அது இந்தக் கதைகளை எழுதியவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் மூத்தது. சகுனி மாமா பயப்படவேண்டியதில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அங்கிள், பகடை இருக்கும்போது எலும்பை ஏன் உருட்டினார்கள்? அதில் எண் எப்படித் தெரியும்?

தம்பி, இந்த மாதக் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஆடு, செம்மறி இவற்றின் பின்னங்காலில், கணுக்கால் மூட்டுக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. ஒரு ஆட்டுக்கு இரண்டுதான் தேறும். கையில் எடுத்துப் பார்த்தால் பெருவிரலின் மேல் துண்டு அளவு, இரண்டு முனையும் உருண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும். முனை உருண்டை என்பதால் அதில் நிற்காது. மீதி நாலு பக்கத்தில் ஏதாவது ஒன்றில்தான் விழும், நம் தாயக்கட்டைக்கும் நாலு பக்கம்தானே, அதே போல. ஒரு பக்கம் புடைத்திருக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் குழிந்திருக்கும், இவை இரண்டும் அகலம். மற்ற இரண்டும் குறுகல், ஒன்று தட்டை, இன்னொன்று லேசாக முறுக்கிக்கொண்டது. விரலால் தடவினாலே எது எது என்று தெரிந்துவிடும், அதனால் எண் எழுதவேண்டிய அவசியமே இல்லை. அகலப் பக்கங்களுக்கு 3, 4 என்றும் குறுகல் பக்கங்களுக்கு 1, 6 என்றும் மதிப்பு. 2-உம் 5-உம் கிடையாது.

நாலு எலும்பைச் சேர்த்து வீசுவார்கள். மொத்தம் 35 விதமாக விழலாம், பல வீச்சுகளுக்குத் தனிப் பெயர், தெய்வம் பெயர், வீரர் பெயர், ஏன், நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸ் பெயரில்கூட ஒன்று உண்டு. நாலிலும் 1 விழுந்தால் ‘நாய்’, அதைவிட மட்டமான வீச்சு இல்லை. (தாயம் போட்டால்தான் காயே இறங்கும் என்று வளர்ந்த நமக்கு இது தலைகீழ்.) அப்படியானால் நாலும் ஆறாக விழுந்தால் அதுதான் உச்சம் என்று நினைப்பீர்கள். இல்லை. 1, 3, 4, 6 என்று நாலும் நாலு விதமாக விழவேண்டும், அதுதான் காதல் தேவியின் பெயர் கொண்ட ‘அஃப்ரோடைட்டி’, எல்லாவற்றையும் அடிக்கும்.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். எலும்புக்கு எலும்பு வித்தியாசம் உண்டு, ஆனால் சுமாராக அகலப் பக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு நாலு தடவையும் குறுகல் பக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு ஒரு தடவையும் விழும். அப்படிப் பார்த்தால் அஃப்ரோடைட்டி ஏறக்குறைய 26 வீச்சுக்கு ஒரு தடவை விழும். நாலு ஆறோ 10,000 வீச்சுக்கு ஒரு தடவைதான். அந்த மட்டமான நாயும் அதே 10,000-க்கு ஒன்றுதான்! அபூர்வமாக விழுவதற்கு அதிக மதிப்பு என்பது நமக்குத் தோன்றுகிற நியாயம், கிரேக்கருக்கு அது தோன்றவே இல்லை. நாலும் வேறு வேறாக அழகாக விழுந்தால் அது தேவியின் அருள், அவ்வளவுதான். இத்தனைக்கும் யூக்ளிடும் ஆர்க்கிமிடிஸும் பிறந்த ஜனங்கள். வட்டத்தை அளந்தார்கள், கோளத்தை அளந்தார்கள், தினமும் தெருவில் உருளும் எலும்பு எத்தனை தடவைக்கு ஒரு முறை எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்து யாரும் ஒரு நூல் எழுதி வைக்கவில்லை. அந்தக் கணக்குக்கு இத்தாலியில் கார்டானோவும், அப்புறம் 1654-இல் கடிதம் எழுதிக்கொண்ட பாஸ்கலும் ஃபெர்மாவும் வரவேண்டியிருந்தது. எண் எழுதிய கனசதுரப் பகடை கிரேக்கரிடமும் இருந்தது, எதிரெதிர்ப் பக்கம் கூட்டினால் 7. அதில் மூன்றை வீசுவார்கள், மூன்று ஆறு விழுந்தால் அதிர்ஷ்டம். ஆனாலும் எலும்பை விடவில்லை, காரணம் எளிது: காசு கொடுக்கவேண்டாம், ஆடு வெட்டினால் சும்மா கிடைக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பாட்டி (பேத்தி எழுதி அனுப்பியது): நாங்கள் சின்ன வயதில் அஞ்சாங்கல் ஆடுவோம். கிரேக்கப் பெண் பிள்ளைகள் என்ன ஆடினார்கள்?

அதையேதான் பாட்டி! ஐந்து கல்லையோ எலும்பையோ மேலே தூக்கிப் போட்டுப் புறங்கையில் பிடிக்கவேண்டும். கீழே விழுந்ததை, புறங்கையில் இருப்பது சிந்தாமல் விரலால் பொறுக்கவேண்டும். பொல்லக்ஸ் என்பவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்துவிட்டு, இது பெண்கள்தான் அதிகம் ஆடுவது என்கிறார். கபுவா ஊரில் கிடைத்த ஒரு சுட்டமண் பொம்மை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, கி.மு. 300 வாக்கில் செய்தது. இரண்டு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆடுகிறார்கள், அந்த உட்காருகிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு யார் ஞாபகமாவது வரும். பக்கத்துத் தெருவில் ஜூலு, சோத்தோ பிள்ளைகள் டிகேட்டோ என்று ஆடுவதும் இதற்குச் சொந்தம்தான்.

‘ஒத்தையா ரெட்டையா’வும் இருந்தது. பிளேட்டோவின் ஓர் உரையாடலில் சாக்ரடீஸ் மல்யுத்தப் பள்ளிக்குள் நுழைகிறார், அன்று பண்டிகை, பையன்கள் நல்ல உடுப்பில் இருக்கிறார்கள், உடை மாற்றும் அறையின் மூலையில் சிலர் கூடை கூடையாகக் கணுவெலும்பை வைத்துக்கொண்டு ஒத்தையா ரெட்டையா ஆடுகிறார்கள். அல்சிபியாடிஸ் பின்னாளில் ஏதென்ஸையே ஆட்டிவைத்த ஆள், அவன் சின்னப் பையனாக இருந்தபோது தெருவில் எலும்பு ஆடிக்கொண்டிருந்தானாம். அவன் முறை வந்தபோது பாரம் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. நில் என்றான், வண்டிக்காரன் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் சிதறி ஓட, இவன் மட்டும் மாடுகளுக்கு முன்னால் குப்புறப் படுத்து, ‘இப்போ ஓட்டு பார்க்கலாம்’ என்றானாம். புளூட்டார்க் சொல்லும் கதை.

லெனேசியா வாசகர்: இங்கே சங்கோமாக்கள் எலும்பு போட்டுக் குறி சொல்கிறார்கள். படித்த கிரேக்கர்கள் அதை மூடநம்பிக்கை என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

படித்தவர்களே வரிசையில் நின்றார்கள். அக்காயா பகுதியில் பூரா என்ற ஊரில் ஒரு குகை, உள்ளே ஹெராக்ளிஸ் சிலை. கேட்க வேண்டியதை வேண்டிக்கொண்டு, அங்கே கிடக்கும் எலும்புகளில் நாலை எடுத்து மேசையில் வீசவேண்டும். எப்படி விழுந்தால் என்ன பலன் என்று பலகையில் எழுதியிருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய பௌசானியாஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். இன்றைய துருக்கியின் தென்பகுதி ஊர்களில் ரோமர் காலத்தில் இன்னும் வசதி, சந்தைவெளியில் பெரிய கல்தூணை நட்டு, ஐந்து எலும்பு விழக்கூடிய 56 விதத்துக்கும் பலனைச் செதுக்கியே வைத்துவிட்டார்கள். பூசாரிகூட வேண்டாம்.

டெல்ஃபிக்கு மேலே மலையில் கொரிசியன் குகை இருக்கிறது. அதைத் தோண்டியபோது காணிக்கையாகப் போட்ட கணுவெலும்புகள் 20,000-க்கும் மேல் கிடைத்தன. எல்லாம் குறி கேட்கப் போட்டதா, விளையாட்டுப் பருவம் முடிந்த பிள்ளைகள் தேவதைகளுக்கு விட்டுப்போனதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் கட்சி, அந்த இரண்டையும் அவர்கள் பிரித்தே பார்க்கவில்லை என்பது. அதே எலும்பு பையன் கையில் பொம்மை, குடிகாரன் கையில் சூது, குகைக்குள் போனால் தெய்வ வாக்கு. பாரிஸ் லூவர் மியூசியத்தில் ஒரு வெண்கலக் கணுவெலும்பு இருக்கிறது, எடை 90 கிலோவுக்கு மேல், அப்போல்லோவுக்கு யாரோ கொடுத்த காணிக்கை. பாரசீகர்கள் கொள்ளையடித்துச் சூசா வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நம் ஊர் சங்கோமாவின் பையிலும் ஆட்டின் இதே கணுவெலும்பு இருக்கும், கூடவே சோழி, காசு, சில சமயம் பகடையும் டோமினோவும்கூட. சிரிப்பதென்றால் பிளேட்டோ காலத்து ஆட்களையும் சேர்த்துத்தான் சிரிக்கவேண்டும்.

வெருலம் வாசகி: எங்கள் வீட்டில் ஃபாஃபீ நம்பர் சூதில் போன பணம் ஒரு வீடு கட்டியிருக்கும். கனவில் எது வந்தாலும் அதற்கு 36-க்குள் ஒரு நம்பர்! கிரேக்கர்கள் சூதாட்டத்தைப் பாவம் என்று நினைத்தார்களா?

பாவம் என்ற பேச்சு அங்கே அதிகம் இல்லை அம்மா, கேவலம் என்ற பேச்சு நிறைய இருந்தது. அரிஸ்டாட்டில் சூதாடியைத் திருடனோடும் வழிப்பறிக்காரனோடும் ஒரே வரியில் நிறுத்துகிறார். அவர் சொல்லும் காரணம் எனக்கு எப்போதும் சுருக்கென்று படும்: திருடனாவது பெரிய ஆபத்துக்குத் துணிந்து பறிக்கிறான், சூதாடி யாருக்குக் கொடுக்கவேண்டுமோ அந்தச் சிநேகிதர்களிடமே பறிக்கிறான்.

ஏதென்ஸ் சூதாட்ட விடுதி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள கி.மு. 345 வாக்கில் நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. ஐஸ்கினிஸ் என்ற அரசியல்வாதி தன் எதிராளி டிமார்க்கஸை நாறடிக்கப் பேசிய பேச்சு. பிட்டலாக்கஸ் என்று ஒருவன், சூதாட்டமும் சேவல் சண்டையுமாக வாழ்ந்தவன், டிமார்க்கஸ் அவனோடு பகலெல்லாம் கிடந்தானாம். அப்புறம் சண்டை வந்து, டிமார்க்கஸும் இன்னொரு கூட்டாளியும் குடித்துவிட்டு ராத்திரியில் அவன் வீட்டுக்குள் புகுந்து, உருட்டும் எலும்புகளையும் குலுக்கும் குவளைகளையும் உடைத்துத் தெருவில் எறிந்து, அவன் உயிராக வளர்த்த சேவல்களையும் காடைகளையும் கொன்று, அவனைத் தூணில் கட்டி அடித்தார்கள் என்கிறார் ஐஸ்கினிஸ். எதிராளி சொல்வது, கொஞ்சம் கழித்துக் கேட்கலாம், ஆனால் அந்தக் குவளையையும் காடையையும் கற்பனையில் கொண்டுவந்திருக்கமாட்டார்.

ஆட்டத்தில் வந்த கோபம் கொலை வரைக்கும் போனதும் உண்டு. அகில்லீஸின் உயிர்த் தோழன் பட்ரோக்லஸ் எப்படி அவன் வீட்டுக்கு வந்தான் தெரியுமா? சின்ன வயதில் கணுவெலும்பு ஆட்டத்தில் கோபம் வந்து இன்னொரு பையனைக் கொன்றுவிட்டான், வேண்டுமென்று செய்ததில்லை. அதனால்தான் அப்பா அவனை ஊரைவிட்டுக் கூட்டிவந்து அகில்லீஸின் தந்தையிடம் ஒப்படைத்தார். செத்தபிறகு ஆவியாக வந்து அவனே இதைச் சொல்கிறான், இலியட் 23-ஆம் காண்டம்.

ஆனால் இதே ஏதென்ஸ்தான், சூதாடியைக் கேவலமாகப் பேசிக்கொண்டே, தன் ஆட்சியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு நடத்தியது. ஆட்சிக்குழுவின் 500 பேரும் குலுக்கலில் வந்தவர்கள். நீதிமன்றத்துக்கு இன்று யார் உட்காருவது என்பதற்கு ஒரு கல் பலகை, அதில் வரிசை வரிசையாகப் பிளவு, ஒவ்வொருவரும் தன் பெயர்ச் சீட்டைச் செருகவேண்டும். பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகளைக் கொட்டுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே போய் நீதிபதி, மூன்று ஓபோல் காசு கூலி. கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். குலுக்கலில் லஞ்சம் கொடுக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்: வானம், கடல், பாதாளம் மூன்றையும் ஜீயஸும் தம்பிமார்களும் சீட்டுப் போட்டுத்தான் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்று ஹோமரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, சீட்டு என்பது விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை. ஃபாஃபீக்கு இதையெல்லாம் சமாதானமாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஏதென்ஸ் குலுக்கலில் தோற்றவனுக்குச் செலவு ஒன்றும் கிடையாது.

கேட்டோ மேனர் வாசகர்: பித்தலாட்டம் உண்டா?

இல்லாமலா? ஈயம் ஊற்றிய எலும்புகள் கிடைத்திருக்கின்றன, எல்லாமே ஏமாற்றச் செய்தவை என்று சொல்லமுடியாது, சில எறிகாயாகவும் இருந்திருக்கலாம். குவளையில் போட்டுக் குலுக்குவது கையின் சாமர்த்தியத்தைத் தடுக்கத்தான். ‘பிள்ளைகளை எலும்பால் ஏமாற்று, பெரியவர்களைச் சத்தியத்தால் ஏமாற்று’ என்பது ஸ்பார்ட்டா தளபதி லைசாண்டர் சொன்னதாக வழங்கும் வாக்கு.

அதே வாசகர்: சதுரங்கம்?

கிடையாது. ‘நகரம்’ என்று ஒரு காய் ஆட்டம் இருந்தது, காய்க்கு ‘நாய்’ என்று பெயர், எதிரியின் ஒரு காயை உங்கள் இரண்டு காய் இரண்டு பக்கமும் நெருக்கினால் வெட்டு. பகடையே கிடையாது, மூளை மட்டும். இங்கே மொராபராபா என்ற பலகை ஆட்டத்தில் காயை மாடு என்கிறார்கள், ஆளுக்கு 12 மாடு.

ஸ்டேங்கர் வாசகி: பள்ளி லீவில் பிள்ளைகளோடு ஆட ஒரு விதி சொல்லுங்கள், போன் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

கிரேக்கரின் முழு விதி எழுத்தில் தங்கவில்லை. அவர்களிடம் கற்ற ரோமர் விதி ஒன்று, பேரரசர் அகஸ்டஸே ஒரு கடிதத்தில் எழுதியது, இருக்கிறது. நாலு எலும்பை வீசுங்கள். விழுந்த ஒவ்வொரு 1-க்கும் ஒவ்வொரு 6-க்கும் நடுவில் ஒரு காசு வைக்கவேண்டும். நாலும் வேறு வேறாக விழுந்தவர் நடுவில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த கணக்குப்படி ஒவ்வொரு அள்ளலுக்கும் இருபது காசு வாக்கில் சேர்ந்திருக்கும்.

நாலு எலும்புக்கு இரண்டு ஆடு வேண்டும். கசாப்புக் கடையில் பின்னங்கால் கணுவை ரம்பத்தால் அறுக்கவேண்டாம், மூட்டோடு கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. நன்றாக வேகவைத்து, சதையைச் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதும். காசுக்குப் பதில் சுகர் பீன்ஸ் வையுங்கள். ஜெயித்தவர் வீட்டில் மறுநாள் கறியில் போட்டுவிடலாம்.